போறணையை இழந்த இல்லம்: இங்கிலாந்தில் வீட்டுப் பாணின் வரலாறு

அரசர்களின் போர்களையும் அமைச்சர்களின் உடன்படிக்கைகளையும் விரித்துரைக்கும் வரலாற்று நூல்கள் அடுக்களையின் வாயிலோடு நின்றுவிடுவது வழக்கம். ஆயினும் ஒரு சமுதாயத்தில் நிகழும் பொருளாதார மாற்றங்கள் முதலில் உணரப்படும் இடங்களுள் அடுக்களையும் ஒன்றாகும். எதை உண்பது, அதை யார் ஆக்குவது, ஆக்குவதற்கு வேண்டிய பொருள்கள் யாருடைய கையில் இருக்கின்றன என்னும் வினாக்கள் நிலவுடைமை, கூலி, சட்டம், தொழினுட்பம் ஆகிய அனைத்தோடும் பிணைந்தவை. இங்கிலாந்தில் வீட்டிலே பாண் சுடும் வழக்கம் தேய்ந்துபோன வரலாறு இதற்குத் தக்கதொரு சான்றாகும்.

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் தென் இங்கிலாந்தின் கிராமங்களில் வீட்டிலேயே பாண் சுடுவது பரவலான வழக்கமாக இருந்தது. ஒரு நூற்றாண்டு கழிவதற்குள் அக்கிராமங்களின் உழைப்பாளர் குடும்பங்களுட் பெரும்பாலானவை கடைப் பாணை நம்பி வாழும் நிலையை அடைந்தன. இம்மாற்றத்துக்குக் காரணம் யாது? வில்லியம் கொபெற் 1821–22ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட குடிசைப் பொருளாதாரம் பற்றிய நூலில் இதற்கு ஒரு விடை காணப்படுகின்றது. உழைப்பாளரின் நண்பராக விளங்கிய அவர், வீட்டில் பியர் வடிப்பதைக் கெடுத்த அரசாங்க வரிகளைக் கடுமையாகச் சாடினார். அதே வேளையில், பாண் சுடத் தெரியாத பெண் சமுதாயத்துக்குச் சுமையானவள் என்னும் கருத்துப்படவும் எழுதினார். அதாவது, போறணை அணைந்தமைக்கு இல்லத்தரசியின் அறியாமையும் அசட்டையும் ஒரு காரணம் என்பது அவர் கருத்து. இக்கருத்து எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கையறிவு

முதற்கண், இல்லத்தரசி அறிந்திருந்தது யாது என்பதை நோக்குதல் வேண்டும். முன்னாள் இரவில் மாவின் ஒரு பகுதியை இளஞ்சூட்டு நீரிலே கரைத்து, பியர் வடிக்கையில் மேலே திரளும் நுரையை அதனுடன் சேர்த்து மூடிவைப்பாள். காலையில் எஞ்சிய மாவையும் உப்பையும் இட்டு நெடுநேரம் பிசைவாள். பிசைந்த மா பொங்கி எழும்வரை காத்திருப்பாள். இதற்கிடையில், செங்கல்லால் வளைவாகக் கட்டப்பட்ட போறணையின் உள்ளேயே சுள்ளிக் கட்டுகளை இட்டு எரிப்பாள். கற்கள் போதிய சூடேறியபின் தணலையும் சாம்பலையும் வாரி வெளியே தள்ளி, தளத்தை ஈரத்துணியால் துடைத்து, பாணை உள்ளே வைத்து, வாயிலைக் களிமண்ணால் அடைப்பாள். வெப்பமானி அங்கே இல்லை. ஒரு பிடி மாவைத் தளத்தில் தூவி அது சிவக்கும் விரைவைக் கொண்டே சூட்டை மதிப்பிட்டாள். பாண் வெந்தபின் எஞ்சிய சூட்டிலே வேறு பண்டங்களும் சுடப்பட்டன. விறகு வீணாகவில்லை.

இக்கையறிவின் காரண காரியங்களை அறிவியல் மிகப் பிந்தியே விளக்கியது. கோதுமை மாவை நீரிலே கழுவினால் மாப்பொருள் கரைந்து செல்ல, இழுபடும் தன்மையுள்ள பசை ஒன்று எஞ்சும். இப்பசையை இத்தாலியரான பெக்காரி 1728இல் பொலோஞாவில் விளக்கிக் காட்டினார். அவரது ஆய்வு 1745இல் அச்சேறியது. குளூட்டன் எனப்படும் இப்புரதமே பிசையுந்தோறும் வலைபோற் பின்னி, உள்ளே தோன்றும் வாயுவைச் சிறைப்பிடித்து வைக்கின்றது. அவ்வாயுவை உண்டாக்குவது மதுவம். டச்சுக்காரரான லீவன்ஹூக் 1680இலேயே பியரின் மதுவத்தை உருப்பெருக்கியினூடாகக் கண்டிருந்தாராயினும், அது உயிருள்ளது என அவர் உணரவில்லை. 1837ஆம் ஆண்டளவில் பிரான்சிலும் ஜேர்மனியிலும் ஆய்வாளர் மூவர் தனித்தனியே அது ஓர் உயிரி என்னும் முடிவுக்கு வந்தனர். ஜேர்மானிய வேதியியலறிஞரான லீபிக் இதனை ஏற்க மறுத்தார். லூயி பாஸ்ரர் 1857க்குப் பின்னர் நிகழ்த்திய ஆய்வுகளே நொதித்தல் என்பது உயிர்களின் செயல் என்பதை நிலைநாட்டின. மதுவம் மாவிலுள்ள வெல்லத்தை உண்டு காபனீரொட்சைட்டையும் அற்ககோலையும் வெளிவிடுகின்றது. போறணையில் வெப்பநிலை 60 பாகை செல்சியசை அணுகும்போது மதுவம் இறக்கின்றது. மாப்பொருள் நீரை உறிஞ்சித் தடிக்க, புரதம் இறுக, பாண் உருவம் பெறுகின்றது. உட்பகுதி 100 பாகையைத் தாண்டாதிருக்க, மேற்புறம் மட்டும் அதனினும் மிகுந்த சூடேறிச் சிவந்து மணம் பெறுகின்றது.

இவற்றுள் எதனையும் பெயர் சொல்லி அறியாத பெண்கள் இவை அனைத்தையும் கையால் அறிந்திருந்தனர். தாயிடமிருந்து மகள் பெற்ற இவ்வறிவு ஓரிரு தலைமுறைகளுக்குள் தானாகவே மறைந்தது எனக் கொள்வதற்கு இடமில்லை. அறிவு மட்டும் இருந்தாற் போதாது. பாண் சுடுவதற்குத் தானியம், விறகு, மதுவம், நேரம் ஆகிய நான்கும் வேண்டும். இவை என்னவாயின என்பதே வினா.

நான்கு தேவைகள்

தானியத்தை முதலில் நோக்கலாம். அறுவடை முடிந்த வயலில் உதிர்ந்து கிடக்கும் கதிர்களைப் பொறுக்கும் வழக்கம் ஏழைக் குடும்பங்களுக்கு உறுதுணையாக இருந்தது. பெண்களும் பிள்ளைகளும் பொறுக்கிச் சேர்த்த கோதுமை அவர்களின் மாத்தேவையில் ஒரு பகுதியை நிறைவு செய்தது. 1788இல் இலண்டன் நீதிமன்றம் ஒன்று, கதிர் பொறுக்குவதற்குப் பொதுச் சட்டத்தின் கீழ் எவருக்கும் உரிமை இல்லை எனத் தீர்ப்பளித்தது. வழக்கம் உடனடியாக ஒழியவில்லை. ஆனால் உரிமையாக இருந்தது உடைமையாளரின் கருணையாக மாறியது. பார்க்சயர் மாவட்டத்தின் பார்க்கம் என்னும் ஊரில் மதகுருவாக இருந்த டேவிட் டேவிஸ், தம் ஊர் உழைப்பாளரின் வரவு செலவைத் திரட்டி 1795இல் நூலாக வெளியிட்டார். முன்னர் கமக்காரனிடம் சிறிது சிறிதாகத் தானியம் வாங்கக்கூடியதாயிருந்த ஏழைகள், கமக்காரர்கள் மொத்த வியாபாரத்தில் இறங்கியபின் கடைக்காரனை நாட வேண்டியவராயினர் என்பது அவர் கண்ட உண்மைகளுள் ஒன்று.

1766, 1795, 1800 ஆகிய ஆண்டுகளில் தானிய விலை ஏறியபோது நாடெங்கும் கலகங்கள் மூண்டன. பெண்கள் பலர் அவற்றில் முன்னின்றனர். வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் 1971இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், இவை பசியினால் எழுந்த வெறும் கொந்தளிப்புகள் அல்ல எனவும், நியாயமான விலை பற்றி மக்கள் கொண்டிருந்த அறநோக்கே அவற்றை இயக்கியது எனவும் நிறுவினார். அந்நோக்குக்குச் சட்டத்திலும் ஒரு பற்றுக்கோடு இருந்தது. 13ஆம் நூற்றாண்டில், ஏறத்தாழ 1266இல் இயற்றப்பட்ட பாண், பியர்ச் சட்டம் தானிய விலைக்கேற்ப ஒரு காசுப் பாணின் நிறையை வரையறுத்தது. நிறை குறைத்து விற்றவன் தண்டம் இறுத்தான், அல்லது தண்டனைக் கட்டையில் பூட்டப்பட்டு ஊரார் முன் நின்றான். தடையற்ற வாணிபக் கொள்கை மேலோங்கிய காலத்தில் இச்சட்டம் படிப்படியாகத் தளர்ந்து 1836இல் முற்றாக நீங்கியது. ஏழைகள் கடைப் பாணை நாட வேண்டியிருந்த அதே காலத்தில் கடைப் பாணுக்கு இருந்த பழைய காவல் அகன்றது என்பது கருதத்தக்கது.

இரண்டாவது விறகு. 1760க்கும் 1830க்கும் இடையில் நாடாளுமன்றச் சட்டங்களின் வாயிலாகப் பொதுநிலங்கள் பெருமளவில் வேலியடைக்கப்பட்டுத் தனியார் உடைமைகளாயின. ஏழைகள் பற்றைகளையும் சுள்ளிகளையும் வெட்டியெடுத்தது இந்நிலங்களிலேதான். அடைப்புக்குப் பின்னர் அதே சுள்ளி திருட்டுப் பொருளாயிற்று. தெற்கிலே நிலக்கரி அரிது. தொலைவிலிருந்து வந்த கரியின் விலை கூலியாளுக்கு எட்டவில்லை. போறணையைச் சூடாக்கும் செலவு கடைப் பாணின் விலையை விஞ்சிய நிலையில், போறணை தானாகவே குளிர்ந்தது.

மூன்றாவது மதுவம். பியர் வடித்தலும் பாண் சுடுதலும் ஒரே வீட்டின் இரட்டைத் தொழில்கள். ஒன்றின் நுரையே மற்றதன் உயிர். முளையிட்ட பார்லிக்கு விதிக்கப்பட்ட வரியும் பெரும் வடிசாலைகளின் எழுச்சியும் வீட்டுப் பியரை அருகச் செய்தன. வீட்டுப் பியர் மறைந்தபோது வீட்டு மதுவமும் மறைந்தது. வடிசாலையின் நுரையை விலைக்கு வாங்கினாலும் அதன் கசப்பு நீங்கப் பலமுறை கழுவ வேண்டியிருந்தது. கொபெற் வீட்டுப் பியருக்காகவும் வீட்டுப் பாணுக்காகவும் ஒரே நூலில் வாதாடியதன் பொருத்தம் இதனாற் புலப்படும்.

நான்காவது நேரம். கைத்தொழிற் புரட்சி பெண்களை ஆலைக்கு அழைத்தமையால் வீட்டுப் பாண் மறைந்தது எனக் கூறுவாருமுளர். ஆனால் சான்றுகள் இதற்கு மாறானவை. ஆலைகள் மலிந்த வடக்கிலேதான், யோர்க்சயர், லங்காசயர் ஆகிய பகுதிகளில், வீட்டிலே பாண் சுடும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. 1831ஆம் ஆண்டளவில் தெற்கிலுள்ள பார்க்சயரில் மக்கள் தொகைக்கேற்ப இருந்த பாண் சுடுவோரின் விகிதம் வடக்கிலுள்ள கம்பர்லாந்தில் இருந்ததைப் பார்க்கிலும் பன்மடங்கு அதிகம். வடக்கில் நிலக்கரி மலிவு. வீட்டின் கணப்பே போறணையாகவும் பயன்பட்டது. ஏழைகளின் நிலை பற்றிப் பிரெடெரிக் ஈடன் 1797இல் வெளியிட்ட பெருநூலும் வடக்கு, தெற்கு உணவு வழக்கங்களின் வேற்றுமையில் எரிபொருளுக்குப் பங்குண்டு என்பதை உணர்த்துகின்றது. ஓய்வு குறைந்த ஆலைப்பெண் பாண் சுட்டாள். விறகற்ற கிராமத்துப் பெண் சுடவில்லை. எனவே கொபெற்றின் கடிந்துரை உரிய இடத்தைச் சேரவில்லை எனலாம். இல்லத்தரசி போறணையைக் கைவிடவில்லை. போறணைக்கு வேண்டியவையே அவளிடமிருந்து எடுக்கப்பட்டன.

கடைப் பாணும் கலப்படமும்

இம்மாற்றத்தின் விளைவு விரைவிலேயே வெளிப்பட்டது. தன் கையால் பிசைந்தவளுக்குத் தன் பாணில் இருப்பது யாதெனத் தெரியும். வாங்கியவளுக்குத் தெரியாது. தரங்குறைந்த மாவை வெண்மையாகக் காட்டுவதற்குப் படிகாரம் சேர்ப்பது பாண் சுடுவோரிடையே வழக்கமாயிற்று. இலண்டனில் வாழ்ந்த ஜேர்மானிய வேதியியலாளரான பிரெட்ரிக் அக்கும் 1820இல் வெளியிட்ட நூலில் உணவுக் கலப்படங்களை அம்பலப்படுத்தினார். 1850களின் தொடக்கத்தில் மருத்துவர் ஆதர் ஹில் ஹசல், கடைகளில் வாங்கிய உணவுப் பொருள்களை உருப்பெருக்கியால் ஆராய்ந்து, விற்றவர்களின் பெயர் முகவரிகளுடன் 'லான்செற்' மருத்துவ ஏட்டில் முடிவுகளை வெளியிட்டார். பாணில் படிகாரம் எங்கும் பரவியிருந்தமை அவ்வாய்விலே தெளிவாயிற்று.

பாணைச் சுட்டவர்களின் நிலையும் இரங்கத்தக்கதாகவே இருந்தது. நிலவறைகளில் இரவு முழுவதும் உழைத்த பாண் தொழிலாளரின் முறைப்பாடுகளை ஆராய்ந்து திரெமன்ஹீயர் 1862இல் அரசாங்கத்துக்கு அறிக்கை சமர்ப்பித்தார். கார்ல் மார்க்ஸ் 'மூலதன'த்தின் முதற்பாகத்தில் (1867) இவ்வறிக்கையை எடுத்தாண்டுள்ளார். பதினெட்டு வயதுக்குட்பட்டோர் இரவு 9 மணி முதல் காலை 5 மணி வரை பாண் சுடும் இடங்களில் வேலை செய்வதை 1863ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்தது. உணவுக் கலப்படத்துக்கு எதிரான முதற்சட்டம் 1860இலும், பயன்தரத்தக்க சட்டம் 1875இலும் நிறைவேறின.

1857 என்னும் ஆண்டு

இவ்வரலாற்றில் 1857 தனிக்கவனத்துக்குரியது. அவ்வாண்டில், வாந்திபேதி நீரினாற் பரவுவதை எடுத்துக்காட்டிய ஜோன் ஸ்நோ என்னும் மருத்துவர், இலண்டன் குழந்தைகளின் என்புருக்கத்துக்குப் படிகாரம் கலந்த பாண் காரணமாயிருக்கலாம் என 'லான்செற்' ஏட்டில் எழுதினார். அதே ஆண்டில், சமையற்கலை நூலாசிரியையான எலைசா அக்ரன் ஆங்கிலப் பாண் பற்றிய தமது நூலை வெளியிட்டு, கலப்படத்துக்குத் தக்க மாற்று வீட்டுப் பாணே என வாதாடினார். அதே ஆண்டிலேயே பாஸ்ரர் நொதித்தல் பற்றிய தமது முதல் ஆய்வுரையைப் பிரான்சின் லீல் நகரில் வாசித்தார். ஒருவர் பாணின் நோயைக் கண்டார். மற்றவர் மருந்தைக் கூறினார். மூன்றாமவர் பாணின் உயிரையே விளக்க முற்பட்டார்.

ஆனால் பாஸ்ரர் திறந்த வழியில் நடந்தவர்கள் பெரும்பாலும் இல்லத்தரசிகள் அல்லர்; ஆலைச் சொந்தக்காரரே. தூய மதுவத்தைப் பிரித்து வளர்க்கும் முறையை ஹன்சன் என்னும் டேனிய அறிஞர் 1883இல் கோப்பன்ஹேகனின் வடிசாலை ஒன்றில் கண்டறிந்தார். அழுத்திக் கட்டியாக்கிய மதுவம் ஆலைகளில் உருவாகியது. இரும்பு உருளைகளால் மா அரைக்கும் முறை ஹங்கேரியில் வளர்ந்து 1880களில் இங்கிலாந்தில் நிலைகொண்டது. முளையும் தவிடும் நீங்கிய வெள்ளை மா மலிவாயிற்று. முன்னர் செல்வர்க்கே உரித்தாயிருந்த வெண்பாண் ஏழைகளின் மேசைக்கும் வந்தது. எனினும் தானியத்தின் சத்திலே ஒரு பகுதி ஆலையிலேயே தங்கிவிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், கோதுமையின் 85 சதவீதத்தை மாவாக அரைத்துத் தேசியப் பாண் சுடும்படி அரசாங்கம் பணித்தமை இதற்கு மறுதலையான செயலாகும். போர்க்காலத்தில் பங்கீட்டுக்குட்படாத பாண், போர் முடிந்தபின் 1946 யூலை முதல் 1948 யூலை வரை பங்கிடப்பட்டது.

இறுதி மாற்றம் 1961இல் நிகழ்ந்தது. சோர்லிவுட் என்னும் ஊரிலிருந்த பாண் ஆராய்ச்சி நிலையம், பிசைந்த மாவைச் சில நிமிடங்களுக்கு மிகுந்த விசையுடன் இயந்திரத்தால் குழைக்கும் முறையை வகுத்தது. அசுகோபிக்கமிலம், சிறிதளவு கொழுப்பு, கூடிய மதுவம் ஆகியவை சேர்க்கப்பட்டன. முதன்முறை பொங்குவதற்காகப் பல மணிநேரம் காத்திருக்கும் தேவை ஒழிந்தது. புரதம் குறைந்த உள்நாட்டுக் கோதுமையையும் கூடுதலாகப் பயன்படுத்த முடிந்தது. இன்றும் பிரித்தானியாவில் விற்கப்படும் பாணின் பெரும்பகுதி இம்முறையாலேயே ஆக்கப்படுகின்றது. இதனை வெறும் இழப்பாக மட்டும் கொள்ளுதல் நியாயமன்று. விலை குறைந்தது, கலப்படம் ஒழிந்தது, பெண்களின் உழைப்புச் சுமையும் தணிந்தது. ஆயினும் நெடுநேர நொதித்தலால் வரும் சுவையும் மணமும் குன்றின. எலிசபெத் டேவிட் 1977இல் வெளியிட்ட ஆங்கிலப் பாண் பற்றிய பெருநூல் இக்குறையைச் சுட்டி, வீட்டுப் பாணின்பால் மீண்டும் பலரை ஈர்த்தது.

கையறிவு மீண்டும் கிளைத்தாலும் இல்லத்துக்கும் மாவுக்கும் இடையிலான தொலைவு குறையவில்லை என்பது 2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்திலே தெரியவந்தது. வீட்டில் அடைபட்ட மக்கள் பாண் சுட முற்பட்டபோது கடைகளில் மா கிடைக்கவில்லை. நாட்டில் மாவுக்குப் பஞ்சமில்லை. ஆலைகள் இரவு பகலாக அரைத்தன. ஆனால் பிரித்தானிய மாவில் ஏறத்தாழ 4 சதவீதமே சிறு பைகளில் கடைகளுக்குச் செல்வது வழக்கம். எஞ்சியது தாங்கிகளிலும் பெரும் மூடைகளிலும் தொழிற்சாலைகளுக்குச் செல்வது. சிறு பைகளில் நிரப்பும் இயந்திரங்கள் போதவில்லை. மாவின் வழியிலே இல்லத்துக்கு எஞ்சியிருந்த இடம் அவ்வளவே.

இலங்கை நோக்கில்

இலங்கையின் அனுபவம் இதிலிருந்து வேறுபட்டது. பாண் என்னும் சொல்லும் போறணை என்னும் சொல்லும் போர்த்துக்கேய மொழி தந்தவை. பொருளும் அவ்வாறே வெளியிலிருந்து வந்தது. கோதுமை இங்கு விளைவதில்லை. எனவே பாண் இங்கு பெரும்பாலும் கடைப்பொருளாகவே பரவியது. இல்லம் அதை இழந்தது என்பதற்கில்லை. 1970களின் முற்பகுதியில் பாணுக்காக மக்கள் வரிசையில் நின்றனர். 1980இல் திருகோணமலையில் பெரும் மா ஆலை இயங்கத் தொடங்கியபோதும் அரைக்கப்பட்டது இறக்குமதிக் கோதுமையே. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எரிவாயு கிடைக்காது வெதுப்பகங்கள் பல மூடப்பட்டன. பார்க்சயரின் ஏழைகள் விறகின்றி எதிர்கொண்ட இடர், வேறொரு வடிவில், ஒரு நாடு முழுவதையும் தீண்டியது.

இல்லம் இழக்காத பண்டமும் இங்கு உண்டு. அரிசி மாவைக் கள்ளிட்டுப் புளிக்கவைத்து அப்பம் சுடும் கிழவி, பியர் நுரையிட்டுப் பாண் சுட்ட ஆங்கிலக் கிராமத்துப் பெண்ணின் தோழியே. இருவர் கையிலும் தொழிற்பட்டது மதுவமே. அரிசியில் குளூட்டன் இல்லாமையால் அப்பமா பாண்போல் உயர்ந்து நிற்பதில்லை. ஆகவே அது தாச்சியிலே மெல்லியதாய்ப் பரந்து வேகின்றது. அதற்கு வேண்டிய அரிசியும் கள்ளும் விறகும் அயலிலேயே கிடைத்தமையால் அது இல்லத்தில் நிலைத்தது. இன்று அப்பமும் கடைகளில் வாங்கப்படுகின்றது. அவ்வாறு வாங்குவோரைச் சோம்பேறிகள் எனப் பழிக்குமுன், அரிசி, கள், விறகு, நேரம் என்னும் நான்கும் அவர்கள் வீட்டில் என்னவாயின எனக் கேட்பது வரலாற்று மாணவரின் கடனாகும்.